சொரணை வந்த கை

அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அச்சில் தன் பெயர் வருகிறதென்றால் கல்லறையிலிருந்து எழுந்து வந்து, நின்று வாசித்து, பக்கத்துக் கல்லறைக்காரரையும் எழுப்பிக் காட்டிவிட்டுத்தான் திரும்பிப் படுப்பான். அந்தச் சந்தோஷத்தை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. உயிரோடு இருந்தவரை முகத்துக்கு நேரே 'மாமா' என்றுதான் கூப்பிட்டேன். அக்காள் புருஷனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். எழுத உட்கார்ந்தபோது 'அவர்' என்று போட்டுப் பார்த்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. அடித்துவிட்டு 'அவன்' என்று போட்டேன். வந்தது.

ஆள் பார்க்க நன்றாக இருப்பான், அதைச் சொல்லிவிட வேண்டும். உயரம், எடுப்பான மூக்கு, நடு வகிடு. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, தக்கைத் தொப்பி, கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. சாயங்காலமானால் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இந்தக் கோலத்தில் நடப்பான். எல்லாரும் காற்று வாங்கப் போவார்கள். அவன் வணக்கம் வாங்கப் போவான். எதிரே வருகிறவர்கள் 'பொன்சுவார், முசியே' என்று தொப்பியைத் தொட வேண்டும். தொட்டவர்கள் யார் யார் என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அக்காவுக்குச் சொல்வான். யாரும் சொல்லாத நாளில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தாவது தொப்பியைத் தூக்கிவிட்டு வந்திருப்பான் என்று நான் அக்காவின் காதில் சொல்வேன். "சும்மா இருடி தெரேஸ்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தோள் குலுங்கும்.

அக்காவின் பெயர் மதலேன். எங்கள் அப்பாவுக்கு ஆற்றுக்குத் தெற்கே அரியாங்குப்பத்தில் செங்கல் சூளை இருந்தது. எந்நேரமும் உடம்பில் செம்மண்ணோடு திரிகிற அப்பாவுக்கு, 'சைகோன் மாப்பிள்ளை' என்ற சொல்லில் ஒரு மயக்கம். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களில் பாதிப் பேருக்கு, புதுச்சேரியைப் போலவே பிரஞ்சுக்காரர் கையிலிருந்த வியட்நாம் சைகோனில் யாராவது இருந்தார்கள். அங்கே போய் உத்தியோகம் பார்த்து வந்தவனுக்குப் பெண் கொடுக்கப் போட்டி நடக்கும். இவனும் போனவன்தான். கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே போனான். அங்கே உறவுக்காரர் வீட்டில் படுத்த படுக்கையாகச் சில மாதம் கிடந்தான். உறவுக்காரரே கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார். கல்யாணம் முடிந்த பிறகுதான் இது எங்களுக்குத் தெரிந்தது. அவனோ சாகும்வரை, "நாங்க சைகோன்ல இருந்தப்ப" என்றுதான் பேச்சைத் தொடங்குவான். இங்கே அவன் பார்த்தது, மல்லாட்டை மூட்டைகளைக் கப்பலேற்றும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். அவன் பிரஞ்சில் சொல்வான்.

அப்பாவை 'மாமா' என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. 'பொபேர்' என்பான். மாமனாருக்குப் பிரஞ்சுச் சொல். அப்பா அதைக் கேட்டுக் கூசிப்போய், துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொள்வார்.

நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் ஆசிரியை வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் ஆறு தாண்டி வந்துபோவது சிரமம் என்று வருஷம் முழுக்க அக்கா வீட்டிலேயே தங்கவைத்தார்கள். அதனால்தான் இத்தனையும் பார்க்க வாய்த்தது.

முப்பதுகளின் நடுவில் ஒரு புது வருஷப் பிறப்பு. கம்பெனியின் வெள்ளைக்கார மேலாளர் தன் வீட்டுக்கு வாழ்த்துச் சொல்ல வரப்போகிறார் என்று அவன் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். அக்கா விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றாள். கோழி, மீன், கேக்கு. தெருவில் ஆட்கள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று; வண்டிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. உச்சி வெயிலில் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் உள்ளே போனதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"உன் மீன் கொழம்பு நாத்தம் தெருக்கோடி வரைக்கும் அடிக்குது. அந்த மனுஷன் பாதி வழியிலயே திரும்பிப் போயிருப்பான்" என்று அக்காவைப் பார்த்துக் கையை ஓங்கினான். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பின்னால் கண்ணாடி வைத்த அலமாரி இருந்தது. முஷ்டி கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. வெறியில் வெடுக்கென்று இழுத்தான். மணிக்கட்டு உள்பக்கம் கிழிந்து தொங்கியது.

ஆஸ்பத்திரியில் அவனைத் தைத்த தொக்தெர் நம்மூர்க்காரர், பிரான்சில் படித்துவிட்டு வந்தவர். பொறுமையாகப் பேசுவார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும், உள்ளங்கையில் அவற்றை ஒட்டிய பகுதியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"இதுக்கெல்லாம் போற நரம்பு அறுந்துபோச்சி முசியே. சேத்துத் தெச்சிருக்கேன். அது மெதுவாத்தான் வளந்து வரும். விரல் நுனிக்கு வந்து சேர பல மாசம் ஆவும். மொதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அது நல்ல சேதி, பயப்படாதீங்க. அப்புறம் வலி வரும், சூடு, குளிர்ச்சி தெரியும். மெத்துனு பஞ்சு பட்டாத் தெரியறது கடைசியாத்தான். அதுவரைக்கும் கண்ணாலதான் தொடணும். பாக்காம எதையும் புடிக்காதீங்க. அடுப்பு, விளக்குகிட்டப் போகவே கூடாது."

அந்த முதல் சில வாரம் அவன் மனிதனாக இருந்தான். அதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஒரு நாள் மத்தியானம், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "மதலேன், கண்ணை மூடினா விரலு எங்க இருக்குன்னே தெரியலடி. இன்னொருத்தன் கையத் தெச்சி வெச்ச மாதிரி இருக்கு" என்று அழுதான். அக்கா அவன் தலையைத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டாள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டேன். அவன்மேல் எனக்கும் அன்றைக்கு இரக்கமாக இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் அவனுடைய கூட்டாளிகள் நாலைந்து பேர் சாராயமும் சீட்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் தண்ணீர்ச் செம்பை வைக்கப் போனேன். அவன் வலது கை விரலிடுக்கில் சுருட்டைச் செருகிக்கொண்டு சைகோன் கதை சொல்லிக்கொண்டிருந்தான். சுருட்டு எரிந்து எரிந்து விரலுக்கு வந்துவிட்டது. தோல் கருகும் வாடை எனக்கே வந்தது.

"யோவ், கை எரியுதுய்யா!" என்று சவரிமுத்து என்ற கூட்டாளி கத்தினான்.

அவன் குனிந்து விரலைப் பார்த்தான். நிமிர்ந்து அவர்கள் முகங்களைப் பார்த்தான். எல்லார் வாயும் திறந்திருந்தது. சுருட்டை உடனே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஒரு மூச்சு நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு மெல்ல எடுத்து, சாம்பலைத் தட்டினான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான்.

சைகோனில் கிடைக்காதது அன்றைக்கு அவனுக்குச் சொந்தக் கூடத்தில் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு அவனை விசேஷங்களுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். குருசுக்குப்பத்தில் ஒரு ஞானஸ்நான விருந்து. பந்தி முடிந்ததும் யாரோ மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவன் கோட்டைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தான், சட்டைக் கையை மடித்தான், ஆள்காட்டி விரலைச் சுடரில் நீட்டினான். முகத்தில் ஒரு புன்சிரிப்பு. விரல் நுனி கறுத்துக் கொப்புளம் வந்தது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. ஆண்கள் கைதட்டினார்கள். 'எப்படி ஆச்சி முசியே?' என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு கதை. முதலில் வீட்டுக்குள் புகுந்த திருடனின் கத்தி. அப்புறம் துறைமுகத்தில் ஒரு மாலுமியோடு சண்டை. வெயில் காலம் வருவதற்குள் சைகோன் ஆற்றில் கொள்ளைக்காரன் வீசிய வாள் ஆகிவிட்டது. கண்ணாடி உடைந்த சத்தத்தைக் கேட்ட எங்கள் தெருக்காரர்களே உட்கார்ந்து கேட்டுத் தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு அந்த விரல்களோடு மல்லுக்கட்டுவது அக்காவின் வேலை. சாப்பாடு முடிந்ததும் தட்டில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், பஞ்சு, சுத்தத் துணி. அவன் கையைத் தன் மடியில் வைத்துச் சீழைத் துடைத்துக் கட்டுவாள். நடுவிரல் நகம் கழன்று விழுந்தது. அவள் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும்.

"எனக்கே தெரியல, உனக்கு இன்னாடி?" என்பான்.

இந்த ஒரு வாக்கியத்தை அவன் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டான். மே மாதம், தொப்பியில் தூசி துடைக்கவில்லை என்று அக்காவை அறைந்தான். முன்பும் கை ஓங்குவான். கூடத்தில் கேட்கும்படி அறைந்தது அன்றைக்குத்தான். அவள் இடது கன்னத்தில் மூன்று விரலும் பதிந்து, கண் பாதி மூடிக்கொண்டது. நான் பொறுக்கமாட்டாமல் அப்பாவுக்குச் சொல்லியனுப்பினேன். அப்பா பங்குச் சாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவன் சாய்வு நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கிக் காட்டினான்.

"பொபேர், இந்தக் கையில சொரணை இல்ல. லேசாத் தட்டுறதாத்தான் நெனச்சேன். எவ்ளோ பலமாப் பட்டுதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்களே சொல்லுங்க சாமி."

சாமியார் அந்தக் கையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். அப்பா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "கை சரியில்லாத மனுஷன். கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்றார். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். பொறுக்க வேண்டியவளுக்குக் கன்னம் வீங்கியிருந்தது. பரிதாபப்பட்டதெல்லாம் அடித்த கையைப் பார்த்து.  அன்று சாயங்காலமும் அக்கா தட்டை எடுத்துக்கொண்டுவந்து கட்டு மாற்றினாள்.

தொக்தெரிடம் காட்டுவதற்கு அவன் வரமாட்டேன் என்று நின்றுவிட்டான். அக்கா மட்டும் போவாள். அவர் அவளிடம், பஞ்சாலும் குண்டூசியாலும் எப்படித் தொட்டுப் பார்ப்பது, குளிர்ந்த தண்ணீரையும் வெந்நீரையும் எப்படி வைத்துப் பார்ப்பது என்று செய்து காட்டி அனுப்பினார். கண்ணை மூடச் சொல்லித்தான் பார்க்க வேண்டுமாம். அவள் வீட்டில் வந்து கேட்டபோது, "போடி, என் கைய நோண்டறதுக்கு நீ யாரு?" என்று விரட்டினான். அதோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு கல்யாணம். வழக்கம்போல மெழுகுவர்த்தி வந்தது. அவன் அதற்கு முன் இரண்டு மூன்று வீடுகளில் 'தொக்தெர் வேணாம்னு சொல்லியிருக்காரு' என்று நழுவியிருந்தான். இங்கே சவரிமுத்து விடவில்லை. "இன்னா முசியே, சைகோன் வீரம் எங்க போச்சி?" என்று கேட்டுவிட்டான். கூட்டம் சிரித்தது. சிரிப்பு என்றால் அவனுக்கு விஷம். சட்டைக் கையை மடித்தான். முன்பெல்லாம் விரலைச் சுடரில் நிறுத்தி வைப்பவன், அன்றைக்குச் சுடருக்குக் குறுக்கே விசுக்கென்று வீசி எடுத்தான். புன்சிரிப்பு இருந்தது, மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வையும் இருந்தது. கைதட்டல் அடங்குவதற்கு முன்னே கொல்லைப்பக்கம் போனான். நான் அங்கே கைகழுவப் போயிருந்தேன். கிணற்று வாளிக்குள் கையை முக்கினான். முக்கிய வேகத்தில், தேள் கொட்டினாற்போலத் துள்ளி வெளியே இழுத்தான். கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி வந்தான். குடி அதிகமாகிவிட்டது என்று நினைத்து நான் உள்ளே வந்துவிட்டேன்.

அந்த மழைக்காலத்தில் அவன் குணம் இன்னும் கெட்டது. தூக்கத்தில் உள்ளங்கையை வேட்டியில் தேய்த்துக்கொள்வான். காப்பித் தம்ளரை இடது கையால் எடுப்பான். கட்டு மாற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்ப்பான். எங்களை வார்த்தையால் கடிப்பது முன்னைவிட அதிகம். பிள்ளை இல்லாததைச் சொல்வான், செம்மண் புத்தி என்பான். அடியும் நிற்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், கல்லறைக்கு எடுத்துப்போக வாங்கிய பூமாலை வாடியிருக்கிறது என்று அக்காவுக்கு அடி. அடுத்த நாள் காலையில் அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்களோடு கல்லறைக்கு வந்தாள். அங்கே எங்கள் அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றக் குனிந்தபோது முக்காடு விலகியது. எதிரே நின்ற அப்பா பார்த்துவிட்டார்.  மத்தியானம் எங்களோடு வீட்டுக்கு வந்தார்.

அவன் சாய்வு நாற்காலியில் கால் நீட்டியிருந்தான். அப்பா நின்றுகொண்டே கேட்டார். 

"இன்னா மாப்ள இது... பொம்பளப் புள்ள மூஞ்சியப் பாருங்க."

வலது கை மேலே எழுந்தது. இப்போது அதில் கட்டு இல்லை. பழைய சூட்டுத் தழும்புகள்தான்.

"எத்தினி தடவ சொல்றது பொபேர்? இதுல சொரணை இல்ல. எனக்கு எப்பிடித் தெரியும்?"

அப்பாவின் தலை இறங்கியது. இன்னொரு தடவையும் அவர் 'பொறுத்துக்கோம்மா' என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அப்போது அக்கா உள்ளேயிருந்து தட்டோடு வந்தாள். இத்தனை மாதமும் கொண்டுவந்த அதே தட்டு, பஞ்சு. நாற்காலிப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கண்ண மூடிக்குங்க" என்றாள்.

"எதுக்கு?"

"தொக்தெர் செய்யச் சொன்னது. சொரணை இல்லாத கைதானே. அப்பாவும் ஒரு தடவ பாக்கட்டும்."

அவன் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வேடிக்கை பார்க்க ஆள் இருந்தது. மறுப்பதற்கு அவனுக்கு வழியில்லை. புன்சிரிப்போடு கண்ணை மூடிக்கொண்டான்.

அக்கா பஞ்சைத் திரித்து நடுவிரல் நுனியில் மெல்லத் தடவினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றான்.

அப்பா பெருமூச்சு விட்டார். அக்கா பஞ்சைத் தட்டில் வைத்தாள். முக்காட்டில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்தாள். அதே விரல் நுனியில், கோலப்புள்ளி வைப்பதுபோல, தொட்டாள். ரத்தம் வருகிற குத்து இல்லை. தொட்டாள், அவ்வளவுதான்.

"ஐயோ அம்மா!"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. தட்டு உருண்டது. அவன் சுவரோரம் போய் நின்று, கட்டைவிரலை வாயில் வைத்து ஊதினான். அவள் தொட்டது நடுவிரலில். அவன் பிடித்துக்கொண்டிருந்தது கட்டைவிரலை. எங்கே வலிக்கிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை. கை முழுக்க நெருப்பு வைத்தாற்போல உதறினான்.

"குத்திட்டா! என்னக் கொல்லப் பாக்குறா! பொபேர், பாத்தீங்களா உங்க பொண்ண!"

அக்கா எழுந்திருக்கவில்லை. குண்டூசியைத் திரும்ப முக்காட்டில் குத்திக்கொண்டாள்.

"ஆகஸ்டு மாசம் மாதா திருநாளுக்கே வந்திட்டுது அப்பா. மத்தியானம் இவரு தூங்கும்போது தெனமும் தொட்டுப் பாப்பேன். மொதல்ல உள்ளங்கையில வந்திச்சி. அப்புறம் விரலுக்கு. அன்னிக்கு ஊசி பட்டதும் விரலு மடங்கிச்சி. எனக்கு அழுகை வந்திடுச்சி, சந்தோஷத்துல. எழுந்ததும் அவரே சொல்லுவாருன்னு காத்திருந்தேன். சொல்லவேயில்ல."

"பொய்! அவளுக்கு இன்னா தெரியும்?" என்றான் அவன்.

அக்கா முக்காட்டை முழுதாக எடுத்தாள்.

"வீங்கியிருக்கிறது எந்தக் கன்னம்னு பாருங்கப்பா. முன்னெல்லாம் இந்தப் பக்கம்." இடது கன்னத்தைத் தொட்டாள். "வலது கையால அடிச்சா இப்ப அவருக்கு வலிக்குது. அதனால மாதா திருநாள்லேர்ந்து இடது கையால அடிக்கிறாரு. அந்தக் கைக்கு ஒண்ணும் ஆகலையே. அதுக்குத் தெரியுமே."

அவள் வலது கன்னம் அத்திப்பழம்போல் இருந்தது. நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். தினமும் பார்த்தேன். எனக்கு அது தோன்றவே இல்லை.

அப்பா அவனை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டார். அவன் வீட்டில் அவர் தோளில் துண்டு போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மதலேன், துணிமணி எடுத்துக்க. தெரேஸ், நீயும் வா" என்றார். தெருவுக்குப் போய்ப் புஸ்புஸ் வண்டி ஒன்றைக் கூப்பிட்டு வந்தார். ஆள் தள்ளிக்கொண்டு போகும் அந்த வண்டியில் அக்காவும் நானும் ஏறினோம். அப்பா பக்கத்தில் நடந்தார். வாசலில் நின்று அவன் பிரஞ்சில் கத்தினான். தமிழில் கத்தினால் தெருவுக்குப் புரிந்துவிடும் என்ற பயமோ, பிரஞ்சில் கத்தினால் கௌரவம் என்ற எண்ணமோ தெரியாது. கத்தலுக்கு நடுவே நடுவே கையை ஊதிக்கொண்டான்.

சாமியார் சூளைக்கு இரண்டு முறை வந்தார். கர்த்தர் சேர்த்ததைப் பிரிக்கலாமா என்று கேட்டார். அக்கா மரியாதையாக மோர் கொடுத்தாள். "நான் பிரிக்கல சாமி. இங்க இருக்கேன், அவ்ளோதான்" என்றாள். அதற்குமேல் அவரும் வரவில்லை. அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்தபிறகு சூளையை அவளே பார்த்துக்கொண்டாள். செங்கல் அறுக்கிறவர்கள் அவள் குரலுக்கு நடுங்குவார்கள்.

அவன், பெண்டாட்டி தன்னை ஊசியால் குத்திச் சித்திரவதை செய்தாள் என்று ஊரெல்லாம் சொன்னான். சொரணை இல்லாத கையில் குத்தியது எப்படித் தெரிந்தது என்று சவரிமுத்து கேட்டானாம். அதோடு விசேஷ வீடுகளில் கூப்பிடுவது நின்றது. கொஞ்ச நாளில் கடற்கரைச் சாலையில் ஆட்கள் அவனைக் கண்டால் எதிர்ச் சாரிக்கு மாறி நடந்தார்கள்.

தொக்தெரை ஒருமுறை கடைத்தெருவில் பார்த்தேன். அவன் இப்போது அவரிடம் போய்க்கொண்டிருந்தானாம். நரம்பு நன்றாகத்தான் பிடித்திருக்கிறது என்றார். "ஆனா சொரணை தானா அடங்கி ஒழுங்காவாது. புதுசா வந்த சொரணைக்கு எல்லாமே எரிச்சலாத்தான் தெரியும். தெனமும் துணி, மணலு, அரிசின்னு தொட்டுத் தொட்டுப் பழக்கணும். நோவு பொறுத்துக்கிட்டுத் தொட்டாத்தான், எது துணி, எது மணலுன்னு கை கத்துக்கும். உங்க மாமா ஒண்ணையும் தொட மாட்டேங்குறாரு. கம்பளியச் சுத்திக்கிட்டு வராரு" என்றார். சூடு தெரியாத விரலைச் சபையில் நெருப்பில் நீட்டியவன், தனியறையில் ஒரு பிடி அரிசிக்குள் கையை விடப் பயந்தான். பார்க்க ஆளில்லாத வலி அவனுக்கு எதற்கு?

கடைசியாக அவனை நான் பார்த்தது சில வருஷம் கழித்து, ஐரோப்பாவில் சண்டை வரப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த சமயம். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். நல்ல கோடை. கடற்கரையில் ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கோட்டு பழுத்துப் போயிருந்தது. வலது கையில் கம்பளி உறை. அதை மடியில் வைத்து, கைக்குழந்தையை அணைப்பதுபோல் இடது கையால் மூடியிருந்தான்.

"தெரேஸ்! வா, வா, உக்காரு" என்றான். நான் நின்றேன்.

"காத்து பட்டாலே எரியுது. சட்டை உரசினா உசிரு போவுது. வேணும்னு நடிக்கிறேன்றாங்க. ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான். உங்க அக்காகிட்ட சொல்லு. இந்தக் கையப் பத்தி அவளுக்குத்தான் தெரியும். அவ நம்புவா."

"சொல்றேன் மாமா" என்றேன்.

அவன் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். கண் கலங்கியிருந்தது. அவன் வாழ்க்கையில் மெய்யாக வலித்த ஒன்றை ஊரே பொய் என்றது. நான் கிளம்பும்போதுகூட அந்தக் கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அரியாங்குப்பத்துக்குப் போனபோது அக்கா சூளையிலிருந்து வந்து குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். துவட்டுகிற கை நின்றது. முழுக்கக் கேட்டாள்.

"என்னப் பத்தி எதனா கேட்டாரா?"

"இல்லக்கா."

"நான் எப்பிடி இருக்கேன்னுகூடக் கேக்கலையா?"

"இல்ல."

அவள் துண்டைக் கொடியில் போட்டாள். ஈரக் கூந்தலை முதுகில் விரித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த ஜன்னல நல்லாத் திற தெரேஸ்" என்றாள். "காத்து வரட்டும்."

திறந்தேன். ஆற்றுப் பக்கமிருந்து நல்ல காற்று வந்தது.